சொலிசிட்டருக்குச் சொல்லாத சீதன வீடு: இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது எம்மவர் விடும் பிழைகள்

லண்டன் ஹரோவில் முதல் வீடு வாங்கிக்கொண்டிருந்த ஒரு தம்பதி, வீட்டு அலுவலைப் பார்க்கும் சட்டத்தரணியான சொலிசிட்டர் அனுப்பிய படிவத்தை நிரப்ப உதவி கேட்டு என் வீட்டுக்கு வந்தார்கள். "உலகில் எங்காவது உங்களுக்கு வீடு சொந்தமாக இருந்ததா?" என்ற கேள்வியை வாசித்ததும், "இல்லை எண்டு போடுங்கோ" என்றார் கணவர். மனைவி பேசாமல் இருந்தார். யாழ்ப்பாணம் கோப்பாயில் தாய் சீதனமாக எழுதிக்கொடுத்த வீடு மனைவி பெயரில் இருக்கிறது. தங்கை குடும்பம் அதில் குடியிருக்கிறது. "அது ஊர் வீடுதானே அண்ணை, அதை ஏன் இதுக்குள்ள இழுக்கிறியள்?" என்றார் கணவர்.

இழுக்கத்தான் வேண்டும். வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரிதான் ஸ்டாம்ப் டியூட்டி. முதல் வீடு வாங்குவோருக்கு அதில் உள்ள சலுகை, உலகில் எங்கும் எப்போதுமே வீடு வைத்திராதவர்களுக்கு மட்டும்தான். சேர்ந்து வாங்கும் இருவரில் ஒருவருக்கு யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ வீட்டில் ஒரு பங்கு இருந்தாலும் சலுகை இருவருக்கும் போய்விடும். 2025 ஏப்ரல் முதல் உள்ள வீதப்படி 4,50,000 பவுண் வீட்டுக்குச் சலுகையோடு 7,500 பவுண், சலுகை இல்லாமல் 12,500 பவுண். ஊர் வீட்டில் உள்ள பங்கின் பெறுமதி 40,000 பவுணோ அதற்கு மேலோ என்றால் இரண்டாவது வீட்டுக்கான 5 வீத மேலதிக வரியும் சேர்ந்து 35,000 பவுண் ஆகிவிடும். கணவர் பெயரில் மட்டும் வாங்கித் தப்பவும் முடியாது. சேர்ந்து வாழும் தம்பதியரை அந்த மேலதிக வரிக்கு ஒன்றாகத்தான் கணக்கெடுப்பார்கள். அண்மையில், அதாவது மூன்று வருடத்துக்குள், முதுசமாகக் கிடைத்த பாதிக்கு மேற்படாத பங்கு என்றால் அந்த மேலதிக வரியிலிருந்து விலக்கு உண்டு. இதையெல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டியவர் சொலிசிட்டர்தான். ஆனால் கோப்பாய் வீடு இருப்பதே அவருக்குத் தெரியாவிட்டால் அவர் எதைப் பார்ப்பது? நீங்கள் சொன்னதை நம்பி அவர் வரிப் படிவத்தை அனுப்புவார். பிழை பிடிபட்டால் வரியும் வட்டியும் தண்டமும் உங்கள் தலையில்தான் விழும்.

அந்தத் தம்பதி அடுத்த நாளே சொலிசிட்டரிடம் சொன்னார்கள். ஊரில் பெறுமதி எடுத்துப் பார்த்ததில் வீடு 40,000 பவுணுக்குக் கீழே இருந்தது. சலுகை போனது, மேலதிக வரி வரவில்லை.

இந்த மனநிலை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஊரில் நொத்தாரிசு உறுதி எழுதி, சாட்சிகள் கையெழுத்து வைத்தால் அலுவல் முடிந்தது. இங்கே சொலிசிட்டரையும் அப்படி உறுதி எழுதுகிற ஒருவராகவே நினைக்கிறோம். அதனால்தான் ஆளைத் தெரிவதிலும் அவ்வளவு அக்கறை எடுப்பதில்லை. அசைலம் கேஸை நன்றாகச் செய்து தந்தவர் என்பதற்காகவே அவரிடம் வீட்டு அலுவலையும் கொடுப்பவர்கள் பலர். அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். வீடு கைமாற்றும் வேலையை நாளாந்தம் செய்கிறவரா, உங்களுக்குக் கடன் தரும் வங்கி ஏற்றுக்கொள்ளும் சொலிசிட்டர்களின் பட்டியலில் அவருடைய நிறுவனம் இருக்கிறதா என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். பட்டியலில் இல்லையென்றால் வங்கி தனக்கென்று இன்னொரு சொலிசிட்டரை வைக்கும், அந்தச் செலவும் உங்களுடையதுதான், நாளும் இழுபடும். பெயரைச் சொலிசிட்டர்கள் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். வீட்டு அலுவலுக்கென உரிமம் பெற்ற கன்வேயன்சர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கெனத் தனி ஆணையம் உண்டு.

வீட்டு ஏஜென்ட் கைகாட்டும் சொலிசிட்டரை உடனே ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்தச் சிபாரிசுக்குப் பல இடங்களில் ஏஜென்டுக்குக் காசு போகிறது. அதைச் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. விற்பவர் சொந்தக்காரர் என்றால் "இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆளைப் பிடிப்பம்" என்ற பேச்சு வரும். நலன் மோதும் இடத்தில் ஒரு சொலிசிட்டர் இரு பக்கமும் நிற்கக் கூடாது. கட்டணத்தை 2018 டிசம்பர் முதல் சொலிசிட்டர் நிறுவனங்கள் தங்கள் தளத்தில் போட வேண்டும். ஆனால் பெரிதாகப் போட்டிருக்கும் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். லீஸ்ஹோல்டுக்கு (குறித்த வருடங்களுக்குக் குத்தகையாக வரும் வீடு), அன்பளிப்புக் காசுக்கு, வங்கிப் பரிமாற்றத்துக்கு, வரிப் படிவத்துக்கு என்று தனித்தனியாக எவ்வளவு, வற் வரியோடு மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது காசு. எம்மவர் வைப்புத்தொகை எப்படிச் சேர்கிறது? பாதி சம்பளச் சேமிப்பு, கொஞ்சம் சீட்டு, கனடாவிலிருந்து மச்சான் அனுப்பியது, மாமியின் கையிருப்பு. எல்லாம் நேர்மையான உழைப்புத்தான். ஆனால் கறுப்புப் பணத் தடைச் சட்டப்படி ஒவ்வொரு தொகையும் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் கேட்டே ஆக வேண்டும். சீட்டுக் காசைக் கையில் வாங்கிக் கடைசி மாதம் கணக்கில் போட்டால் அதற்குக் காட்ட ஒரு துண்டும் இருக்காது. வீடு பார்க்கத் தொடங்கும் முன்பே சீட்டைக் கணக்கு வழியே கட்டி, கணக்கு வழியே எடுங்கள். மச்சானின் காசு கடனா அன்பளிப்பா என்பதை உள்ளபடி சொல்லுங்கள். அன்பளிப்பென்று கடிதம் எழுதிவிட்டுப் பிறகு திருப்பிக் கட்டுவது வங்கிக்குப் பொய் சொல்வதாகும். பெற்றோர் காசு போட்டால் யாருக்கு எத்தனை பங்கு என்று அப்போதே ஒரு பத்திரம் எழுதச் சொல்லுங்கள். பின்னால் குடும்பம் பிரியும்போதுதான் அதன் அருமை தெரியும்.

சொலிசிட்டர் வீட்டை வந்து பார்ப்பதில்லை. கூரைக்குள் அறை கட்டியிருக்கிறது, பின்னால் சமையலறையை நீட்டியிருக்கிறது என்பதை நீங்கள்தான் படத்தோடு சொல்ல வேண்டும். கவுன்சில் அனுமதிப் பத்திரம் இல்லையென்றால் அதற்கொரு காப்புறுதி எடுப்பது வழக்கம். அந்த நேரம் பதற்றத்தில் நீங்களே கவுன்சிலுக்குப் போன் எடுத்து விசாரித்துவிட்டால் அந்தக் காப்புறுதி கிடைக்காமலே போகலாம். சொலிசிட்டரைக் கேட்காமல் போன் எடுக்காதீர்கள். காப்புறுதி கூரையைத் தாங்காது என்பதும் நினைவிருக்கட்டும். கட்டடம் உறுதியா என்று பார்க்கச் சர்வேயர் வேறு வேண்டும், வங்கி செய்யும் மதிப்பீடு அதற்கு ஈடாகாது. பிளாட் என்றால் லீஸில் எத்தனை வருடம் மிச்சம், பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, பெரிய திருத்த வேலை ஏதும் வரப்போகிறதா என்று கேளுங்கள்.

விற்பவர்கள், ஆள் கிடைத்த பிறகு சொலிசிட்டரைத் தேடுகிறார்கள். விற்பனைப் பலகை நடும் அன்றே பிடித்து, பொய்லர், ஜன்னல், கட்டட வேலைச் சான்றிதழ்களைத் தேடி எடுத்து வையுங்கள். அயலவரோடு தகராறு இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள், வாங்கியவர் வழக்குப் போடலாம்.

ஒப்பந்தம் எக்ஸ்சேஞ்ச் ஆகும்வரை, அதாவது கையெழுத்திட்ட பிரதிகளை மாற்றிக்கொள்ளும்வரை, இரு பக்கமும் விலகலாம். ஆனபின் வாங்குபவர் விலகினால் அவருடைய வழக்கமான 10 வீத வைப்புத்தொகை போய்விடும். கட்டடக் காப்புறுதியை அன்றைக்கே தொடங்குங்கள், திறப்பு கைக்கு வரும்வரை பார்த்திருக்காதீர்கள். காசு அனுப்பும் வாரத்தில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று சொலிசிட்டர் பெயரில் மின்னஞ்சல் வந்தால் அது அநேகமாகத் திருடனுடையது. அதில் இருக்கும் தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்காதீர்கள். முதல் நாள் தபாலில் வந்த கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு எடுத்து, கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதுங்கள். பிறகு ஒரு பவுண் அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு மிச்சத்தை அனுப்புங்கள்.