லிங்க்ட்இன் ஒரு கல்யாண மண்டபம்: அக்கா மகனுக்குச் சொன்னது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் வீட்டுக்கு அக்கா மகன் வந்தான். தர்மபுரிக்காரன். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடமாக வேலை, இப்போது வேறு இடம் தேடுகிறான். இட்லியைப் பிட்டுக்கொண்டே, வேலை தேடுகிறவர்களும் ஆள் எடுப்பவர்களும் கூடும் லிங்க்ட்இன் தளத்தைத் திறந்து போனை நீட்டினான். "சித்தி, இந்த போஸ்ட்டைப் பாருங்க. நாலாயிரம் பேர் பார்த்திருக்காங்க. ஆனா ஒரு இன்டர்வியூகூட வரலை."

படித்தேன். மழை நாளில் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டானாம். ஒரு ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்காமல் கொண்டுபோய் விட்டாராம். அதிலிருந்து தலைமைப் பண்பு பற்றி இவன் ஐந்து பாடம் கற்றுக்கொண்டானாம். வரிக்கு வரி இடைவெளி. கடைசியில், 'நீங்க என்ன நினைக்கிறீங்க?'

"பெங்களூர்ல, மழையில, மீட்டர் போட்ட ஆட்டோவா? முதல் வரியிலேயே மாட்டிக்கிட்டியேடா" என்றேன். சிரித்துவிட்டான். அன்றைக்கு அவன் மஞ்சள் லைன் மெட்ரோவில்தான் வேலைக்குப் போயிருக்கிறான்.

நான் இந்த ஊரில் 14 வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு அறுபது எழுபது புரொஃபைலாவது கண்ணில் படும். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

'லிங்க்ட்இன் ஃபேஸ்புக் மாதிரி ஆயிடுச்சு' என்று எல்லாரும் புலம்புகிறோம். உண்மைதான். 2003 மே மாதம் அது வெளிவந்தபோது ரெஸ்யூமேவை அடுக்கி வைக்கும் அலமாரி மாதிரி இருந்தது. வெறும் லைக் இருந்த இடத்தில் 2019ல் கைதட்டலும் இதயமும் வந்தன, 2022ல் சிரிப்பும் வந்தது. 2020ல் ஒரு நாளில் மறைந்துபோகும் ஸ்டோரி கொண்டுவந்து, மறு வருடம் செப்டம்பரிலேயே மூடிவிட்டார்கள். 2024ல் புதிர் விளையாட்டுகள் வேறு. அதில் குயின்ஸை நான் தினமும் காலை காபியோடு ஆடுகிறேன், அதனால் ரொம்பக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர்களுக்கு வருமானம் என்னைப் போன்ற ஆள்தேடிகள் கட்டும் சந்தா, விளம்பரம், பிரீமியம் ஆகியவற்றில் வருகிறது. நாம் உள்ளே அதிக நேரம் உட்கார்ந்திருந்தால்தான் அதெல்லாம் ஓடும். வேலை தேடாத நாளிலும் நம்மை வரவழைக்க வேண்டாமா?

ஆனால் இடம் கலகலப்பாகிவிட்டது என்பதற்காக அங்கே யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் சிரித்துப் பேசுகிறோம், பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்குகிறோம். அப்போதே மூன்றாவது வரிசையில் ஒரு பெரியம்மா, 'இந்தப் பையன் யார் வீட்டுப் பையன், என்ன பண்றான்' என்று பக்கத்தில் விசாரித்துக்கொண்டிருப்பார். லிங்க்ட்இனில் அந்தப் பெரியம்மா நான்தான்.

சரி, வேலைக்கு வருவோம். எதையும் மாற்றுவதற்கு முன் செட்டிங்ஸில் போய், புரொஃபைல் மாற்றங்களை நெட்வொர்க்குக்கு அறிவிக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். புது வேலையைச் சேர்க்கும் பக்கத்திலும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. இல்லையென்றால் நீங்கள் ராத்திரி பதினொரு மணிக்கு ஒவ்வொன்றாகத் திருத்துவது உங்கள் மேனேஜர் கண்ணில் பட்டு, ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே அவர் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்.

அடுத்து, பெயருக்குக் கீழே வரும் அந்த ஒரு வரி. 220 எழுத்து வரை இடம் உண்டு. அக்கா மகன் 'கனவுகளைத் துரத்துபவன், கற்றுக்கொண்டே இருப்பவன்' என்று இங்கிலீஷில் போட்டிருந்தான். என் தேடல் பெட்டியில் 'கனவு' என்று நான் ஒருநாளும் தட்டியதில்லை. செய்கிற வேலை, தெரிந்த கருவிகள், எந்தத் துறை, இவ்வளவு போதும். அவனுடையதை 'டேட்டா அனலிஸ்ட், எஸ்க்யூஎல், பைத்தான், வாகன உதிரிபாகத் தொழில், பெங்களூர்' என்று மாற்றினோம். அவனுக்கு அது சப்பென்று இருந்தது. எனக்கு அது தேடினால் கிடைக்கும்.

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். பெரும்பாலானவர்கள் போஸ்ட்டில் மட்டும்தான் கவனமாக இருக்கிறார்கள். எனக்கு ஒரு ஆளைப் பிடித்துப்போனால் நான் முதலில் இறங்குவது அவருடைய ஆக்டிவிட்டி பகுதிக்கு. அங்கே கமென்ட்ஸ் என்று தனியாகவே காட்டும். அவர் வேறொருவர் போஸ்ட்டுக்குக் கீழே எப்படிப் பேசுகிறார் என்று அங்கேதான் தெரியும். போன வருடம் நல்ல அனுபவமுள்ள ஒருவர் கிடைத்தார். நேரில் பேசினால் தங்கமான மனிதர். ஆனால் 'வெளியூர்க்காரர் கன்னடம் கற்றுக்கொள்ள வேண்டுமா' என்று யாரோ மூட்டிவிட்ட சண்டையில் இவர் பதினேழு கமென்ட் போட்டிருந்தார், அதில் நாலைந்து படிக்கவே கூசும். அவரை இன்டர்வியூ செய்யவேண்டிய மேனேஜர் மண்டியாக்காரர், கன்னடர். அந்த ரெஸ்யூமேவை நான் அனுப்பவில்லை. இது நியாயமா என்று கேட்டால், முழுக்க நியாயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்படித்தான் நடக்கிறது. ஊர்ச் சண்டை, சம்பளச் சண்டை, அலுவலகத்துக்கு வரணுமா வீட்டிலிருந்தே வேலையா என்கிற சண்டை, எதிலும் கை அரித்தால் போனைக் கவிழ்த்து வையுங்கள். (கன்னடத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், அது வேறு விஷயம். என் வீட்டுக் காய்கறிக்காரரே எனக்குப் பாதி சொல்லிக்கொடுத்தார்.)

பழைய கமென்ட்டுகளை அழிக்க முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து கீழே வரை உருட்டிப் பாருங்கள். நீங்கள் எழுதியதா என்று உங்களுக்கே சந்தேகம் வரும் சிலது இருக்கும். அதையெல்லாம் எடுத்துவிடுங்கள்.

சிரிப்புப் பொத்தானும் அப்படித்தான். யார் எதை அழுத்தினார்கள் என்று பெயரோடு தெரியும். இதைவிட ஆபத்து அந்த ரெடிமேட் பதில்கள். என் கதையைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, தர்மபுரி போக மடிவாளாவில் பஸ் ஏறி, ஓசூர் ரோட்டு நெரிசலில் போனைத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பழைய மேனேஜர், '11 வருடத்துக்குப் பிறகு இன்று என் கடைசி நாள்' என்று போட்டிருந்தார். முழுதாகப் படிக்கவில்லை. கீழே தயாராக நின்ற 'வாழ்த்துகள்' மேல் ஒரு தட்டு. காலையில் ஊரில் இறங்கி 'மேலும்' என்பதை அழுத்திப் படித்தால், மனிதரை ஆட்குறைப்பில் வேலையை விட்டுத் தூக்கியிருக்கிறார்கள். மகளுக்கு அந்த வருடம் காலேஜ் சேர்க்கை. ராத்திரி முழுக்க என் வாழ்த்து அங்கே தொங்கியிருக்கிறது. போன் செய்து, 'சார், மன்னிச்சுக்கோங்க' என்றேன். 'விடும்மா, ஆறு பேர் அதையே பண்ணியிருக்காங்க' என்றார். அதிலிருந்து அந்தப் பொத்தான் பக்கமே என் விரல் போவதில்லை. 'மேலும்' அழுத்தாமல் எதற்கும் பதில் போடாதீர்கள்.

போஸ்ட் எழுதவே வேண்டுமா? வேலை கிடைக்க அது கட்டாயம் இல்லை. எழுதுவதென்றால் உங்கள் கையால் செய்ததை எழுதுங்கள். அக்கா மகனிடம் துருவிக் கேட்டபோதுதான் சொன்னான்: அவன் பிரிவில் தினசரி ரிப்போர்ட் ஒன்று ஓடி முடிய 40 நிமிடம் ஆகுமாம். தேவையில்லாத ஒரு டேபிளை ஒவ்வொரு தடவையும் முழுதாகப் படித்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து 6 நிமிடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறான். "இதை ஏன்டா எழுதலை?" "இதெல்லாம் யார் சித்தி படிப்பாங்க?" நூற்றைம்பது பேர் படிப்பார்கள். அதில் ஐந்து பேர் இதே தலைவலியோடு உட்கார்ந்திருப்பார்கள், அந்த ஐந்து பேரில் ஒருவர் ஆள் எடுப்பவர். கம்பெனி பெயர், வாடிக்கையாளர் பெயர், கம்பெனியின் வியாபார எண்கள் வராமல் எழுதச் சொன்னேன். போஸ்ட்டை மூன்று நான்கு வரியிலேயே லிங்க்ட்இன் மடித்து மறைத்துவிடும் என்பதால் 40 நிமிடம், 6 நிமிடம் இரண்டும் முதல் வரியிலேயே.

சொந்த விஷயம் எழுதக்கூடாதா என்றும் கேட்டான். எழுதலாம். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூன்று மாதம் வேலையை விட்டேன் என்று ஒரு வரி இருந்தால் எனக்கு உதவிதான், இடைவெளி ஏன் என்று நான் கேட்கவேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கையைப் பிடித்து எடுத்த போட்டோ வேண்டாம். அவர் சம்மதித்தாரா?

தெரியாதவருக்கு மெசேஜ் அனுப்பும்போது 'ஹாய்' போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். நான் பதில் போட்ட பிறகு 'சாப்டீங்களா' என்று வந்தவர்கள்கூட உண்டு. 'மேடம், உங்கள் கம்பெனியில் இந்த வேலை வந்திருப்பதைப் பார்த்தேன். இதே வேலையில் எனக்கு இரண்டு வருடம். நோட்டீஸ் பீரியட் 60 நாள். ரெஸ்யூமே அனுப்பலாமா?' இவ்வளவுதான். இங்கிலீஷில்தான் அனுப்புவீர்கள், அளவு இதே இருக்கட்டும். நான் தமிழ் என்று தெரிந்தால் கடைசியில் ஒரு 'வணக்கம்' போடுங்கள். 'அக்கா' வேலையில் சேர்ந்த பிறகு.

வேலை தேடுகிறேன் என்று போட்டோவைச் சுற்றிக் காட்டும் 'ஓபன் டு வொர்க்' பச்சை வளையம் பற்றி ஆளுக்கொரு கருத்து. வேலை போய்விட்டதென்றால் தாராளமாகப் போடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலையில் இருந்துகொண்டே தேடினால் ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வையுங்கள். உங்கள் கம்பெனி ஆட்களிடமிருந்து அதை லிங்க்ட்இன்காரர்கள் மறைக்கப் பார்ப்பார்கள், ஆனால் அதற்கு அவர்களே முழு உத்தரவாதம் தருவதில்லை. எனவே ரகசியம் என்று நம்பிக் குதிக்கவேண்டாம்.

ஆட்டோக் கதைகள் தாங்கவில்லையா? எழுதுகிறவரை அன்ஃபாலோ செய்யுங்கள். தொடர்பு அப்படியே இருக்கும், அவருக்குத் தகவலும் போகாது. நான் என் சொந்த மைத்துனரையே செய்திருக்கிறேன்.

கடைசியாக போட்டோ. அவனுடையது யாரோ நண்பன் கல்யாணத்தில் எடுத்தது, தோள்மேல் வெட்டுப்பட்ட ஒரு கை மோதிரத்தோடு தெரிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், என் கணவரின் சட்டையைப் போட்டுவிட்டு, என் போனிலேயே எடுத்தேன். எடுப்பதற்கு முன் கொடியில் காய்ந்த துணியை மட்டும் ஒதுக்கினோம்.

ஆட்டோ போஸ்ட்டை அவன் இன்னும் அழிக்கவில்லை. நாலாயிரம் பேர், சித்தி, என்கிறான்.