கடையில் விற்கக் கட்டில், வார்ட்ரோப் மொத்தமாக எடுக்கும்போது எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

விலையைக் கடைசியில் பேசுங்கள். ஒரே படத்துக்கு இரண்டு சப்ளையர்கள் சொல்லும் விலை பெரிதாக மாறினால், காரணம் பெரும்பாலும் வெளியே தெரியாத பலகையும் கீலும்தான்.

முதலில் அளவு. ‘குயின் சைஸ்’ என்று மட்டும் ஆர்டரில் எழுதினால் சிக்கல். மெத்தை நீளமே 72, 75, 78 அங்குலம் என மூன்று விதமாக ஓடுகிறது. 78க்கு 60 மெத்தை இறங்க, கட்டிலின் உள்ளளவு அரை அங்குலமாவது கூட இருக்க வேண்டும். சப்ளையர் வெளியளவைச் சொல்லிவிட்டால், வாடிக்கையாளர் வீட்டில் மெத்தை இறங்காதபோதுதான் விஷயம் தெரியும்.

ப்ரீலேம் பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்தி, மேலே லேமினேட் ஒட்டிய பலகை) வார்ட்ரோப் என்றால், சாம்பிளைக் கவிழ்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். கண்ணில் படும் ஓரங்களுக்கு மட்டும் எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டி, தரையைத் தொடும் ஓரத்தை மூடாமல் விட்டிருப்பார்கள். வீடு துடைக்கிற தண்ணீரை அந்த ஓரம் உறிஞ்சும். பலகை உப்பி, கதவு உரசத் தொடங்கும். நாலு ஓரமும் மூடியிருக்க வேண்டும், பலகை தரையைத் தொடாதபடி கீழே புஷ் (சிறு கால் குமிழ்) வைக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். முதுகுப்பலகை 3 மி.மீ. என்றால் வார்ட்ரோப் ஆடும், 6 மி.மீ. கேளுங்கள். ஆறரை அடிக் கதவுக்கு 4 கீல் வேண்டும். 3 போட்டால் நாளடைவில் தொங்கும்.

ரப்பர் மரக் கட்டிலுக்கு போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தியிருக்க வேண்டும். மருந்து ஏறாத மரத்தில் வண்டு புகும். குண்டூசித் துளையும் கீழே மாவு போன்ற தூளும் அதன் அடையாளம். ஈரப்பதத்தை மீட்டர் குத்தி நீங்களே பாருங்கள். 8 முதல் 12 சதவீதம் சரி. அதற்கு மேல் போனால் மரம் சுருங்கி, மூட்டு தளர்ந்து, கட்டில் கிரீச்சிடும்.

சப்ளையர் கையெழுத்திட்ட லேமினேட் சாம்பிள் துண்டு ஒன்று உங்களிடம் இருக்கட்டும். ஒரு செட்டுக்கான கட்டிலும் வார்ட்ரோப்பும் ஒரே பேட்ச் லேமினேட்டில் வரவேண்டும். தனித்தனியாக வந்தால் நிறம் ஒட்டாது, செட்டாக விற்க முடியாது. போல்ட், கீல், மினிபிக்ஸ் (பலகைகளை இணைக்கும் திருகுப் பூட்டு) எல்லாம் நூற்றுக்கு மூன்று உபரி கேளுங்கள். 

விலைப்பட்டியல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்ததா, ஏற்றுகூலி யாருடையது என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தெளிவாகட்டும். வெளிமாநில லோடு 50,000 ரூபாயைத் தாண்டினால் ஈ-வே பில் (சரக்கு கொண்டுசெல்ல ஆன்லைனில் எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு) கட்டாயம். இறக்கும்போது அட்டை கிழிந்த பெட்டியை டிரைவர் முன்னிலையிலேயே பிரித்து, சேதத்தை லாரி ரசீதில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.