நெல் ஹாப்பரை யேட் மென்பொருளில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அரிசி ஆலைகளில் ஹாப்பரில், அதாவது அடியில் வாய் உள்ள புனல் வடிவத் தொட்டியில், நெல் அடைத்துக்கொண்டால் தகரத்தைத் தட்டிவிடுவதே வழக்கமான வைத்தியம். வாயை அகலப்படுத்தினால் அல்லது சரிவைக் கூட்டினால் அடைப்பு தீருமா என்பதை, தகரம் வெட்டும் முன்பே கணினியில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு மணியையும் தனித்தனியாக எடுத்து, மோதல் விசைகளைக் கணக்கிட்டு நகர்த்தும் இம்முறையைப் பீட்டர் கண்டலும் ஆட்டோ ஸ்ட்ராக்கும் 1979இல் விரிவாக எழுதினார்கள்.

இதற்கு லிக்ஸ் (LIGGGHTS), யேட் (Yade) என இரண்டு கட்டற்ற மென்பொருள்கள் பெயர்பெற்றவை. பல லட்சம் மணிகளைப் பல கணினிகளில் பகிர்ந்து ஓட்ட வேண்டுமென்றால் லிக்ஸ் நல்லது. தொடக்கநிலையினருக்கு என் தேர்வு யேட்தான், ஏனெனில் எல்லாவற்றையும் பைத்தானில் எழுதலாம், உபுண்டுவில் ஒரே கட்டளையில் நிறுவலாம்.

ஹாப்பரை ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து எஸ்.டி.எல். கோப்பாக (வடிவத்தின் பரப்பைச் சிறு முக்கோணங்களாக வைத்திருக்கும் கோப்பு) சேமியுங்கள். அந்தக் கோப்பில் அலகு என்று எதுவும் இருக்காது. ஃப்ரீகேட் மில்லிமீட்டரில் எழுதும், யேட் மீட்டராக எடுத்துக்கொள்ளும். ஆகவே இறக்கும்போது அளவுக் காரணியை 0.001 எனக் கொடுங்கள்.

நெல்மணிகளை முதலில் கோளங்களாகவே வைத்துக்கொள்ளலாம். அடுத்து பொருளின் பண்புகள். உராய்வுக் கோணத்தை ரேடியனில் தர வேண்டும்: 30 பாகை என்பது 0.524. வெறுமனே 30 என்று எழுதினால் அதன் டான் மதிப்பு −6.4 ஆகிவிடும். மணிக்கும் தகரத்துக்கும் வெவ்வேறு கோணம் கொடுத்தால், இரண்டில் சிறியதையே யேட் இயல்பாக எடுத்துக்கொள்ளும். பொருளின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகத்தை உண்மை மதிப்பிலேயே வைப்பது வீண்செலவு. அதை நூறில் ஒரு பங்காகக் குறைத்தால் நேரப் படி (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் சிறு கால அளவு) பத்து மடங்கு நீளும். ஹாப்பர் ஒழுக்கில் பெரிய மாற்றம் வராது.

என் நேரத்தை அதிகம் தின்றது டேம்ப்பிங், அதாவது மணிகளின் அசைவைக் குறைக்க மென்பொருள் செயற்கையாகச் சேர்க்கும் தடை. நியூட்டன் சமன்பாட்டைத் தீர்க்கும் பகுதியில் அதன் இயல்பு மதிப்பு 0.2. அசையாமல் கிடக்கும் குவியலைச் சமநிலைக்குக் கொண்டுவர இது உதவும். ஆனால் வாயிலிருந்து தடையின்றி விழும் மணிக்கும் இதே தடை பொருந்துவதால், அதன் முடுக்கம் 9.81 அல்ல, ஏறத்தாழ 7.85 மீட்டர்/வினாடி² ஆகிவிடும். முடிவுகளைப் படமாகக் காட்டும் பாராவியூ மென்பொருளில் படம் அழகாகவே தெரியும், நெல் மட்டும் மெதுவாக இறங்கும். டேம்ப்பிங்கைப் பூஜ்யமாக்கி, மணிகள் தொடும்போது எழும் விசையைக் கணக்கிடும் ஹெர்ட்ஸ்–மிண்ட்லின் தொடுகை மாதிரியில் மீட்சிக் குணகத்தை (மோதியபின் எவ்வளவு வேகத்தில் திரும்பும் என்ற விகிதம்) கொடுத்து ஆற்றல் இழப்பை மோதலிலேயே நடக்கவிடுங்கள்.

சரிபார்க்க, 1961இல் வெளியான பெவர்லூ விதி போதும். வட்ட வாயின் விட்டத்திலிருந்து மணி விட்டத்தின் சுமார் 1.4 மடங்கைக் கழித்து, மீதியை 2.5 அடுக்குக்கு உயர்த்தினால், ஒழுக்கு அதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். 4 மி.மீ. மணிக்கு வாய் 100 மி.மீ.லிருந்து 150 மி.மீ. ஆனால் ஒழுக்கு ஏறத்தாழ 2.9 மடங்காக வேண்டும். ஆனால் டேம்ப்பிங் தவறாக இருந்தாலும் இந்த விகிதம் சரியாக வந்துவிடக்கூடும். அதனால் ஆலையில் ஒரு சாக்கு நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து, அதையும் ஒப்பிடுங்கள். எனக்கு விதியைவிடச் சாக்குக் கணக்கின் மேல்தான் நம்பிக்கை.

பிற்சேர்க்கை: கோளங்கள் எளிதில் உருண்டுவிடுவதால் குவியலின் சாய்வு குறைவாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். மூன்று கோளங்களை வரிசையாக ஒட்டி ஒரு நெல்மணியாக்கினால் இது பெருமளவு சரியாகும். கோளங்கள் ஒன்றுக்குள் ஒன்று புதைந்திருந்தால், பொதுவான பகுதியின் எடை இரண்டு முறை கூட்டப்பட்டு மணி கனத்துவிடும்; அதைத் தவிர்க்க, ஒட்டும் கட்டளையில் டிஸ்கிரிடைசேஷன் (எடையைக் கணக்கிட மணியை எவ்வளவு நுணுக்கமாகப் பகுப்பது) மதிப்பைப் பூஜ்யத்துக்கு மேல், 15 அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.