கலிபோர்னியா என்றால் ஒரே வளாகம் இல்லை: பரிமாற்ற ஆண்டுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

என் அக்காள் மகள் சிங்கப்பூரில் பொருளாதாரம் படிக்கிறாள். அடுத்த ஆண்டு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போக விண்ணப்பிக்கப் போகிறாள். எந்த வளாகம் வேண்டும் என்று விருப்ப வரிசை தர வேண்டும். "மாமா, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று எனக்கு அனுப்பியிருந்தாள். முதலில் பெர்க்லி, அடுத்து லாஸ் ஏஞ்சலிஸ், மூன்றாவது சான் பிரான்சிஸ்கோ.

மூன்றாவதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் இளநிலை மாணவர்களே கிடையாது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், செவிலியம் என்று உடல்நலத் துறைகளின் மேற்படிப்புக்கு மட்டுமேயான இடம் அது. பத்து வளாகங்களில் அதைக் கழித்தால் இவளைப் போன்றவர்களுக்கு மீதம் ஒன்பது. சான் பிரான்சிஸ்கோ என்ற ஊர் பிடித்திருக்கிறது, அதனால் எழுதிவிட்டாள்.

ஆனால் மற்ற இரண்டையும் அவள் அதே காரணத்துக்காகத்தான் எழுதியிருந்தாள். எல்லாருடைய முதல் தவறும் இதுதான்: ஊரின் பெயரை வைத்து வளாகத்தைத் தேர்ந்தெடுப்பது. ஒரே பெயர்ப்பலகை என்பதால் இவற்றை ஓர் உணவகத்தின் கிளைகள் போல நினைத்துக்கொள்கிறார்கள். எந்தக் கிளையில் உட்கார்ந்தாலும் அதே சாம்பார் வரும் என்ற நம்பிக்கை. கலிபோர்னியாவில் சாம்பார் மட்டுமல்ல, சாப்பாட்டு நேரமே வளாகத்துக்கு வளாகம் மாறும்.

நேரத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ஒன்பது வளாகங்களில் பெர்க்லியும் மெர்செடும் மட்டுமே செமஸ்டர் முறையில் இயங்குகின்றன. மற்ற ஏழிலும் குவார்ட்டர் முறை. பெர்க்லியில் ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்கி டிசம்பரில் முடியும்; மறுபடி ஜனவரி நடுவில் தொடங்கி மே மாதத்தில் முடிந்துவிடும். குவார்ட்டர் வளாகங்களில் செப்டம்பர் கடைசியில்தான் கதவு திறக்கும். பத்து வாரப் பாடம், ஒரு வாரத் தேர்வு, அதோடு ஒரு குவார்ட்டர் முடிந்தது. பிறகு ஜனவரியில் ஒன்று, வசந்தத்தில் ஒன்று. மூன்றாவது முடியும்போது ஜூன் பாதி போயிருக்கும்.

இதில் என்ன சிக்கல் என்று அவளும் கேட்டாள். மே மாதத்தில் ஏதாவது நிறுவனத்தில் கோடைக்காலப் பயிற்சிக்குச் சேர வேண்டும் என்பது அவள் திட்டம். ஜூன் நடுவில் கடைசித் தேர்வு எழுதுகிறவள் மே மாதத்தில் எப்படி வேலைக்குப் போவாள்? ஆண்டு முழுக்கப் போகாமல் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை மட்டும் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பள்ளம் காத்திருக்கிறது. குவார்ட்டர் வளாகத்தில் அந்தக் காலத்தில் அவர்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு குவார்ட்டர். பாடத்தின் அளவை அங்கே யூனிட்டில் கணக்கிடுவார்கள்; ஒன்றரைக் குவார்ட்டர் யூனிட் சேர்ந்தால்தான் ஒரு செமஸ்டர் யூனிட். நான்கு யூனிட் பாடங்கள் மூன்று எடுத்தால் பன்னிரண்டு. செமஸ்டர் கணக்கில் அது வெறும் எட்டு. ஊர் திரும்பியதும் பட்டத்துக்கு வேண்டிய யூனிட் குறைகிறது என்று கல்லூரி அலுவலகத்தில் சொல்லும்போது, கடற்கரையில் எடுத்த படங்கள் கைகொடுக்காது.

பத்து வாரம் என்பது படிக்கும் முறையையும் மாற்றிவிடும். மூன்றாவது நான்காவது வாரத்திலேயே இடைத்தேர்வு வந்துவிடும். செமஸ்டருக்குப் பழகியவர்கள் ஊரைப் பார்த்து, நண்பர்களைப் பிடித்து, புத்தகத்தைத் திறக்கும்போது தேர்வு முடிந்திருக்கும். குவார்ட்டர் மோசம் என்று சொல்லவில்லை. ஆண்டில் ஒன்பது பாடங்களைத் தொட்டுப் பார்க்கலாம். துறைக்கு வெளியே ஒன்றிரண்டு பாடம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது வரம். பரிமாற்ற மாணவர்களுக்கான ஜே-1 விசாவில் வருகிறவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் முழுநேர மாணவராக இருந்தாக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கடினமாக இருக்கிறது என்று நினைத்தபடி பாடத்தைக் கைவிட முடியாது.

அடுத்தது பாடம். தரவரிசையில் மேலே இருக்கும் வளாகத்தில் நமக்கு வேண்டிய பாடத்தில் இடம் கிடைக்கும் என்று எதை வைத்து நம்புகிறோம்? கணினி அறிவியல், பொருளாதாரம் போன்ற துறைகளில் அங்கேயே பட்டம் படிக்கும் மாணவர்களே இடத்துக்கு முட்டிமோதுகிறார்கள். ஓராண்டு விருந்தாளி அவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். வணிக நிர்வாகம் தேடி லாஸ் ஏஞ்சலிஸ் போகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே பெயர் பெற்ற மேலாண்மைப் பள்ளி இருப்பது உண்மை, ஆனால் அது மேற்படிப்புக்கானது. இளநிலையில் வணிக நிர்வாகப் பட்டமே கிடையாது. அதே பட்டம் ரிவர்சைடிலும் இர்வைனிலும் இருக்கிறது. அந்தப் பக்கம்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ரிவர்சைடு என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1907இல் ஆரஞ்சு, எலுமிச்சை வகை மரங்களை ஆராய ஏற்பட்ட நிலையத்தைச் சுற்றி வளர்ந்த வளாகம் அது. இன்றும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலுமிச்சை இன வகைகளை அங்கே வளர்க்கிறார்கள். வேளாண்மையோ உணவு அறிவியலோ படிக்கிறவர் டேவிஸை விட்டுவிட்டு பெர்க்லியை முதலில் எழுதினால் எனக்குக் கோபமே வரும். கடல் அறிவியலுக்கு சான் டியாகோவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனம் 1903 முதல் இருக்கிறது. இயற்பியல், பொருட்களின் தன்மையை ஆராயும் பொருளறிவியல் என்றால் சான்டா பார்பரா. நீல எல்இடிக்காக 2014இல் நோபல் பரிசு பெற்ற ஷூஜி நகமுரா அங்கேதான் பேராசிரியர். ஓசோன் படலத்தைப் பற்றிய ஆய்வுக்காக 1995இல் ஷெர்வுட் ரோலண்டுக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது அவர் இர்வைனில் இருந்தார். அதே ஆண்டின் இயற்பியல் நோபலும் இர்வைனின் ஃபிரெடரிக் ரைன்ஸுக்கு வந்தது. ஒட்டுமொத்தத் தரவரிசை இதையெல்லாம் ஒரே எண்ணாக அரைத்துக் கொடுத்துவிடுகிறது. பெர்க்லிக்காக ஒரு வார்த்தை: அங்கே தமிழ் இருக்கை உண்டு, தமிழும் கற்பிக்கிறார்கள். பொருளாதாரத்துக்கு நடுவே சங்க இலக்கியம் படிக்க விரும்பும் பிள்ளை யாராவது இருந்தால் அந்தக் காரணத்துக்காக பெர்க்லியைக் கேட்கட்டும், நானே பரிந்துரைக்கிறேன்.

எடுக்க நினைக்கும் நான்கு பாடங்களுக்கு மட்டும் சொந்தக் கல்லூரியில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு கிளம்புவது, தரவரிசையை நம்பும் அந்தத் தவறின் தம்பி. பத்துப் பன்னிரண்டு பாடங்களுக்கு முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும். முன்பு படித்த பாடங்களின் பாடத்திட்டத்தையும் கையில் வைத்திருப்பது நல்லது. முன்தகுதிப் பாடம் முடித்தாயா என்று அங்கே கேட்பார்கள். மதிப்பெண் பட்டியலில் இருக்கும் பாடப் பெயரை மட்டும் பார்த்து அவர்களுக்கு ஒன்றும் புரியாது.

ஊரைப் பற்றி. சான்டா பார்பரா வளாகம் சான்டா பார்பரா நகரத்துக்குள் இல்லை; பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, கடலை ஒட்டி, மாணவர்களே நிறைந்த ஐலா விஸ்டா என்ற குட்டி ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சான்டா குரூஸ் என்றால் அலைச்சறுக்கு என்று நினைத்துப் போகிறவர்களை வரவேற்பது மலைமேல் ரெட்வுட் என்ற நெடுமரங்களின் காடு. வகுப்புக்கு வகுப்பு மேடேற வேண்டும், கீழே ஊருக்கு வரப் பஸ் பிடிக்க வேண்டும். அந்த வளாகத்தின் சின்னமே ஒரு மஞ்சள் நத்தை, அதுவும் ஓடில்லாத வகை. டேவிஸ் தட்டையான சமவெளி. அமெரிக்காவில் சாலையில் மிதிவண்டிக்கென்று தனித்தடம் முதலில் போட்டது அந்த ஊர்தான், 1967இல். அங்கே வெயில் நம் ஊர் வெயிலுக்கு இளைத்ததல்ல. குளிர்காலத்தில் மூடுபனி இறங்கினால் எதிரே வருபவர் தெரியாது. சான் டியாகோ வளாகத்துக்கு 2021 நவம்பரிலிருந்து டிராம் ரயில் வருகிறது, அதற்கு முன் போனவர்கள் சொன்ன கதைகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். லாஸ் ஏஞ்சலிஸும் இர்வைனும் கார்க்காரர்களின் ஊர்கள். கார் இல்லாத மாணவருக்கு ஒரு சனிக்கிழமையைக் கழிப்பது பெர்க்லியில் எளிது: ரயிலேறினால் சான் பிரான்சிஸ்கோ.

சொந்தக்காரர் இருக்கிறார் என்பதற்காக வளாகம் தேர்வது நம் வீடுகளுக்கே உரிய தவறு. "சன்னிவேலில் சித்தப்பா இருக்கிறார், பெர்க்லியிலேயே இருந்துகொள்" என்று பெற்றோர் சொல்வார்கள். சன்னிவேல் சிலிக்கான் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர். சன்னிவேலுக்கும் பெர்க்லிக்கும் நடுவே கிட்டத்தட்ட சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் உள்ள தூரம். தினமும் போய்வர முடியாது. லாஸ் ஏஞ்சலிஸ் என்றால் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். தீபாவளிக்கு ஒருநாள் போய்ச் சாப்பிட சித்தப்பா போதும்; அதற்காக ஓராண்டுப் படிப்பை அவர் வீட்டு வாசலில் கட்டிப்போட வேண்டாம்.

தங்குமிடத்தைக் கடைசியில் யோசிப்பதுதான் பணத்தை உண்மையில் கரைக்கும் தவறு. பரிமாற்றத் திட்டத்தில் கல்விக்கட்டணம் சொந்தக் கல்லூரிக்கே போகும். அறை, உணவு, காப்பீடு எல்லாம் நம் செலவு. கலிபோர்னியாவில் வீட்டு வாடகை கல்விக்கட்டணத்தைப் போன்ற இன்னொரு கட்டணம். எவ்வளவு நெருக்கடி என்பதற்கு சான்டா பார்பராவே சாட்சி. கோடீஸ்வரர் சார்லி மங்கர் பெரும்பணம் தர முன்வந்து, சுமார் 4,500 மாணவர்களுக்குப் பதினொரு மாடி விடுதி ஒன்றை வரைந்து கொடுத்தார். பெரும்பாலான அறைகளுக்கு ஜன்னலே இல்லை. 2021இல் அது ஊர்ச் சிரிப்பாகி, 2023இல் கைவிடப்பட்டது. அதே 2021 இலையுதிர் காலத்தில் இடமில்லாத மாணவர்களைப் பல்கலைக்கழகம் ஹோட்டல்களில் தங்கவைத்தது. ஜன்னல் இல்லாத அறையைப் பற்றிப் பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்தார்கள் என்றால், ஆகஸ்டில் வந்து இறங்கி அறை தேடுகிறவருக்கு என்ன கிடைக்கும்?

ஐலா விஸ்டாவில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பன்னிரண்டு மாதத்துக்கு. ஒரு குவார்ட்டருக்கு வருகிறவர் மீதி மாதங்களுக்கு வேறு ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டிவரும். பெர்க்லியும் சான்டா குரூஸும் இந்த விஷயத்தில் கொஞ்சமும் குறைந்தவை அல்ல. ரிவர்சைடும் மெர்செடும் ஒப்பிட்டால் மலிவு. அதனால் வரிசை எழுதுவதற்கு முன்பே ஒவ்வொரு வளாகத்துக்கும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: பரிமாற்ற மாணவர்களுக்கு விடுதியில் இடம் உறுதியா, அல்லது காத்திருப்போர் பட்டியலா? "பொதுவாகக் கிடைக்கும்" என்ற பதிலை "கிடைக்காது" என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரிமாற்றம் வேறு, கட்டணம் கட்டி ஒரு பருவம் படிக்கும் வருகைத் திட்டம் வேறு. இரண்டிலும் அதே வகுப்பறையில் உட்காரலாம் என்பதால் முகவர்கள் இரண்டாவதை முதலாவதைப் போலவே விற்பார்கள். பில் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். காப்பீட்டில், ஜே-1 விசாவுக்கு அமெரிக்க அரசு கேட்பது ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் பாதுகாப்பு. பல்கலைக்கழகம் அதற்கு மேலும் கேட்கக்கூடும் என்பதால், ஊரில் மலிவாகக் கிடைத்ததை வாங்குவதற்கு முன் வளாகத்தின் நிபந்தனையைப் படித்துவிட வேண்டும்.

அக்காள் மகளோடு இரண்டு மணி நேரம் பேசினேன். கோடைப் பயிற்சிதான் முக்கியம் என்று முடிவானதால் பெர்க்லி முதலிடத்திலேயே நின்றது, இப்போது காரணத்தோடு. பயிற்சியை ஜூலைக்குத் தள்ள முடியுமா என்று கேட்டு, முடியும் என்றால் இரண்டாவதாக டேவிஸ், மூன்றாவதாக ரிவர்சைடு. லாஸ் ஏஞ்சலிஸை விட மனமில்லாமல் நான்காவதாக எழுதினாள், நானும் தடுக்கவில்லை. "டேவிஸ் கிடைத்தால் மிதிவண்டி ஓட்ட வேண்டுமே?" என்று கேட்டேன். பன்னிரண்டாவது மாடியில் பிறந்து வளர்ந்த பெண், ஓட்டத் தெரியாதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைப் பூங்காவில் வாடகை மிதிவண்டி எடுத்துப் பழகத் தொடங்கியிருக்கிறாள்.