சிறிய தோளுக்கு ரைஃபிள் கட்டையைப் பொருத்துவது எப்படி?

பெரியவர்களின் வேட்டை ரைஃபிளை ஏந்தும் பிள்ளை முதுகைப் பின்னால் வளைத்து, கழுத்தை முன்னால் நீட்டி நின்றால் அவனைக் குறைசொல்லாதீர்கள். தோளில் பதியும் பின்பகுதியான கட்டை அவனுக்கு நீளம், அவ்வளவுதான். அந்த நிலையில் சுட்டால் பின்னுதைப்பு தோள்குழியில் விழாமல் மேற்கையில் விழும். வலிக்குப் பயந்த பிள்ளை விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்வான். அந்தப் பழக்கத்தை மாற்றுவது மிகக் கடினம்.

வேலையைத் தொடங்குமுன் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிடுங்கள். தோட்டாக்களை அடுக்கும் மேகஸினையும், தோட்டா அறையை மூடும் போல்ட்டையும் கழற்றி, தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள்.

அளக்க வேண்டியது, விசையின் முன்பக்கத்திலிருந்து கட்டையின் பின்முனை வரையுள்ள தூரம். பெரியவர்களுக்கான கட்டையில் இது சுமார் 34 செ.மீ. இருக்கும், சிறுவர் கட்டைகளில் 30 முதல் 32 வரை. முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து, விரல் விசையை எட்டுகிறதா என்று பார்ப்பது தொடக்கத்துக்கு உதவும். ஆனால் நான் நம்புவது வேறொன்றை: வேட்டைக்கு அணியும் தடித்த சட்டையோடு பிள்ளை ரைஃபிளைத் தோளில் ஏற்றட்டும். பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் நீளம் சரி.

மரக்கட்டை என்றால் அறுக்கலாம். உள்ளே கூடாக இருக்கும் பிளாஸ்டிக் கட்டையை அறுக்க வேண்டாம்; அதே மாடலுக்கான சிறுவர் கட்டையை வாங்கிவிடுவது நல்லது. கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். தேவையான நீளம் 31 செ.மீ., பின்முனையில் மாட்டப்போகும் ரப்பர் திண்டு 2.5 செ.மீ. தடிமன் என்றால், கோடு விழ வேண்டிய இடம் 28.5. கோட்டைச் சுற்றி டேப் ஒட்டி, பழைய முனையின் சாய்வு மாறாமல், பொடிப்பல் ரம்பத்தால் மெதுவாக அறுங்கள். அந்த இடத்தில் வார் மாட்டும் திருகு இருந்தால் முதலிலேயே கழற்றிவிட வேண்டும். திண்டின் திருகுகள் பழைய துளைகளோடு பொருந்தாவிட்டால், அத்துளைகளில் மர முளையைப் பசையோடு அடித்து, காய்ந்தபின் புதிதாகத் துளையிடுங்கள். அறுத்த முகத்துக்கு வார்னிஷ் பூசாமல் விட்டால் மரம் ஈரத்தைக் குடித்துவிடும்.

திண்டில் கஞ்சத்தனம் வேண்டாம். எடை குறைந்த துப்பாக்கி கூடுதலாக உதைக்கும். மென்மையான ரப்பரே பிள்ளையின் தோளைக் காக்கும்.

அடுத்து கன்னம். பிள்ளை கண்ணை மூடி ரைஃபிளை ஏற்றி, கன்னத்தைப் பதித்தபின் கண்ணைத் திறக்கட்டும். ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) நடுவே பார்க்கத் தலையைத் தூக்க நேர்ந்தால், கட்டையின் மேல்விளிம்பில் கன்னத்திண்டு கட்டி உயர்த்துங்கள்.

கட்டை குறுகியதால் கண் ஸ்கோப்புக்கு நெருங்கியிருக்கும். அப்படியே சுட்டால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும்! முழு வட்டமும் தெளிவாகத் தெரியும்படி ஸ்கோப்பை முன்னால் நகர்த்துங்கள். பெரும்பாலான ஸ்கோப்புகளில் கண்ணுக்கு 8 அல்லது 9 செ.மீ. இடைவெளி கிடைக்கும். நகர்த்தியபின் இலக்குப் பலகையில் சுட்டுக் குறியைப் புதிதாகச் சரிசெய்தாக வேண்டும்.

அறுத்த துண்டை எறிந்துவிடாதீர்கள். பிள்ளை வளர வளர, அதையே நீளமான திருகுகளோடு திண்டுக்கு முன்னால் மீண்டும் பொருத்தலாம்.