இரவில் பறக்க முதல்: காற்றழுத்தக் கருவி, பற்றரி, லைற்

முள் வைத்த கருவிகள் உள்ள செஸ்னா 150 மாதிரி ஒரு சின்ன விமானத்தில் மின்சாரம் முழுதாகப் போனாலும் எஞ்சின் நிற்காது, எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் மக்னீற்றோ என்ற கருவி தன்பாட்டில் தீப்பொறி கொடுத்துக்கொண்டே இருக்கும். வேகமானி, உயரமானி, ஏற்ற இறக்கமானி மூன்றும் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஓடுபவை, அவையும் நிற்காது. ஆனால் அவை சரியாகக் காட்ட வேண்டும், இருட்டில் உங்கள் கண்ணுக்கும் தெரிய வேண்டும். திருகோணமலைச் சீனக்குடாவில் இருந்து கிளம்பி கொட்டியாரக்குடாப் பக்கம் திரும்பினால், நிலவில்லாத இரவில் வள்ளங்களின் விளக்கு எது, நட்சத்திரம் எது என்றே பிரிக்க ஏலாது. அந்த நேரம் கருவிகளைத்தான் நம்ப வேண்டும்.

முதல் வேலையை வெளிச்சம் இருக்கும்போதே செய்யுங்கள். இடது இறக்கைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருப்பது பிற்றோ குழாய், எதிர்க்காற்று அதற்குள்தான் போகும். உறையைக் கழற்றி, குனிந்து, வாயை நேராகப் பாருங்கள். எங்கள் பக்கம் குளவிக்கு ஓட்டை கிடைத்தால் போதும், மண்ணை வைத்து அடைத்துவிடும். 1996 பெப்ரவரியில் டொமினிக்கன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவில் 189 பேருடன் கடலில் விழுந்த போயிங் 757 இன் குழாயையும் குளவிதான் அடைத்திருக்கும் என்பது விசாரணையின் முடிவு. அடைப்பு இருந்தால் வாயால் ஊதாதீர்கள், கருவி பழுதாகும், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். குழாயும் அதன் வடிகால் துளையும் சேர்ந்து அடைபட்டால் வேகமானி உயரமானி மாதிரி நடக்கும்: ஏற ஏற வேகம் கூடுவதாகக் காட்டும், அதை நம்பி மூக்கைத் தூக்கினால் விமானம் உண்மையில் வேகம் இழந்துகொண்டிருக்கும்.

விமான உடம்பின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருக்கும், அது வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் நிலையழுத்தத் துளை. கழுவிய பிறகு அதில் மெழுகோ ரேப்போ ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இது அடைபட்டால் உயரமானி அந்த இடத்திலேயே உறைந்துவிடும், ஏற்ற இறக்கமானி பூச்சியத்தில் நிற்கும். அப்போது மாற்றுத் துளையைத் திறக்க வேண்டும். அது இல்லாத விமானத்தில் ஏற்ற இறக்கமானியின் கண்ணாடியை உடைத்து அறைக்காற்றை உள்ளே விடலாம்.

சரி, இப்போது உள்ளே ஏறுங்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் காற்றழுத்தத்தை உயரமானியில் வையுங்கள். முள் ஓடுபாதையின் உயரத்தைக் காட்ட வேண்டும், 75 அடிக்கு மேல் பிசகினால் பறக்க வேண்டாம். காலையில் வைத்ததை மாலையில் அப்படியே விடவும் கூடாது. எங்கள் மாதிரி வெப்ப நாடுகளில் காலை பத்து மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் இடையில் அழுத்தம் சாதாரணமாகவே 3 ஹெக்டோபாஸ்கல் அளவு இறங்கும், ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலுக்கும் உயரமானி ஏறக்குறைய 27 அடி கூடக் காட்டும். இருட்டில் தண்ணீருக்கு மேலே தாழ இறங்கும்போது எண்பது அடி சின்ன விஷயமில்லை.

அடுத்தது பற்றரி. உப்புக்காற்றில் முனைகள் பச்சை பிடிக்கும், அதைப் பாருங்கள். பறக்கும்போது அம்பியர்மானி முள் கழித்தல் பக்கம் போய் நின்றால் மின்சாரம் உண்டாக்கும் அல்டர்நேற்றர் கைவிட்டுவிட்டது. ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பாருங்கள். வராவிட்டால் தரையிறங்கும் லைற், பிற்றோ குழாய்ச் சூடாக்கி எல்லாவற்றையும் நிறுத்தி, ஒரு ரேடியோவை மட்டும் வைத்துக்கொண்டு கிட்டிய ஓடுபாதைக்குப் போங்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல் பற்றரியை நம்ப வேண்டாம். பெரும்பாலான செஸ்னா 150 விமானங்களில் பிளாப்பும் (இறக்கையின் பின்பக்கம் கீழே இறங்கும் தகடு) மின்சாரத்தில்தான் ஓடும், அது இல்லாமல் இறங்க நீளமான பாதை வேண்டும்.

கடைசியாக லைற். கண் இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் வேண்டும், ஒரு ஃபோன் வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும். அதனால் பலகை லைற்றை முள் வாசிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் குறைத்து வையுங்கள். மங்கலான சிவப்பு லைற் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது, ஆனால் அதில் வரைபடத்தின் சிவப்புக் கோடுகள் மறைந்துபோகும். ரோச் இரண்டு எடுங்கள், ஒன்றைக் கழுத்தில் மாட்டுங்கள். பிறகு தரையில் நிற்கும்போதே உள் லைற் முழுவதையும் அணைத்துவிட்டு, ரோச் வெளிச்சத்தில் மூன்று முள்ளையும் வரிசையாக வாசித்துப் பழகுங்கள்.