கிராம சபையில் கேட்ட வேலை திட்டத்தில் ஏற: நீலகிரி ஊர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரியின் 35 கிராம ஊராட்சிகளிலும் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறிலும் பேசலாம். ஆனால் அடுத்த நிதியாண்டில் எந்த நடைபாதை, எந்த வடிகால், எந்தத் தடுப்புச் சுவர் என்பதற்கு அடித்தளம் போடுவது அக்டோபர் 2 கூட்டம்தான். அடுத்த ஆண்டு வேலைகளைப் பட்டியலிடும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலை அப்போதுதான் சூடு பிடிக்கிறது. மே தினத்தன்று கேட்ட வேலையை அக்டோபரில் மறுபடி எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால் அது பழைய தீர்மானப் பதிவேட்டிலேயே கிடந்துவிடும்.

தயாரிப்பை மழையோடு தொடங்குவது நல்லது. தண்ணீர் எங்கே இறங்குகிறது, எந்த வீட்டின் பின்சுவரில் மோதுகிறது என்பது மழை நாளில்தான் தெரியும். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் ஜூலை, ஆகஸ்ட் மழையிலேயே படம் எடுத்து வையுங்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர் மழைதான் ஆபத்தானது. 2009 நவம்பரில் மண்சரிவுகளில் நாற்பது பேருக்கு மேல் உயிரிழந்ததும் அந்தப் பருவத்தில்தான். அங்கே முந்தைய ஆண்டு நவம்பரில் எடுத்த படங்கள் கையில் இருக்க வேண்டும். தேதியையும் இடத்தையும் படத்தின் பின்னால் எழுதிவிடுங்கள்.

அடுத்தது அளவு. ஐம்பது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று பேராக நடந்து, தொடங்கும் இடம், முடியும் இடம், நீளம், அகலம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். மலையில் ஐந்தாவதாக ஒன்றும் வேண்டும்: தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்பது. வடிகால் இல்லாமல் கான்கிரீட் நடைபாதை மட்டும் போட்டால், மண் குடித்துக்கொண்டிருந்த மழைநீர் முழுவதும் வேகம் பிடித்துக் கீழ்வரிசை வீட்டுக்குள் இறங்கும். தடுப்புச் சுவரிலும் இதே கதைதான். சுவரில் நீர் கசியும் துளைகளும், அவற்றுக்குப் பின்னால் கல் நிரப்பலும் இல்லையென்றால், மண்ணில் ஊறிய தண்ணீர் வெளியேற வழியின்றிச் சுவரையே தள்ளிவிடும். இரண்டையும் கோரிக்கையிலேயே எழுதிவிடுங்கள். மதிப்பீடு போடும்போது முதலில் வெட்டுப்படுவது இவைதான்.

இனி நிலம். இந்த மாவட்டத்தில் கோரிக்கைகள் நிற்பது பெரும்பாலும் பணத்தால் அல்ல, நிலத்தால். சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் (நிலத்தின் வகையும் உரிமையாளரும் எழுதிய பதிவேடு) புலப்படத்தையும் (அந்தச் சர்வே எண்ணின் அளவு வரைபடம்) பார்த்து, அந்த இடம் என்ன வகை என்று கூட்டத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அரசுப் புறம்போக்கு என்றால் வழி எளிது. பட்டா நிலம், எஸ்டேட் பாதை என்றால், உரிமையாளர் ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்காமல் பொதுப்பணம் செலவிட மாட்டார்கள். எல்லாரும் நடக்கும் பாதை என்பது மட்டும் போதாது. கூடலூர், பந்தலூரில் 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் (பழைய ஜென்மி நிலவுடைமையை ஒழித்த சட்டம்) பிரிவு 17-இல் வரும், தோட்டப் பயிருக்குக் குத்தகைக்கு விடப்பட்ட நிலமா என்று கட்டாயம் கேளுங்கள். அங்கே தீர்மானம் நிறைவேறினாலும் வேலை அனுமதியில் மாட்டிக்கொள்ளும். வழியில் மரம் நின்றால், 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். அதற்குப் பிடிக்கும் காலத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வன நிலம் என்றதும் பலர் கையை விரித்துவிடுகிறார்கள். அது தேவையில்லை. 2006 வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2), சாலை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, அங்கன்வாடி, பள்ளி உட்பட 13 வகை வசதிகளுக்கு வன நிலத்தைப் பயன்படுத்த வழி தருகிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குள் நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும் என்பவை நிபந்தனைகள். இந்தக் கிராம சபை ஊராட்சி முழுவதற்குமான சபை அல்ல, அந்தக் குடியிருப்பின் சபை. உறுப்பினர்களில் பாதிப்பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளுக்குப் பாதை கேட்கும்போது, இந்தத் தீர்மானத்தைத் தனித்தாளில், தனி வருகைப் பதிவோடு வாங்குங்கள். ஊராட்சிக் கூட்டத் தீர்மானத்தை இதற்குப் பதிலாகக் காட்டினால் வனத்துறை திருப்பி அனுப்பும். அது சரியும்கூட.

இவ்வளவும் கையில் இருந்தால் எழுதுவது சுலபம். ‘எங்கள் ஊருக்கு நடைபாதை வசதி செய்து தர வேண்டும்’ என்ற வரியை யாராலும் திட்டத்தில் ஏற்ற முடியாது. இப்படி எழுதுங்கள்: ‘4ஆவது வார்டு, மாரியம்மன் கோயில் முதல் அங்கன்வாடி வரை, சர்வே எண் இன்னது, புறம்போக்கு, 120 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலத்தில் கைப்பிடியுடன் கான்கிரீட் படிநடைபாதை, மேட்டுப்பக்கம் முழுநீள வடிகால், வடிகால் முடிவு ஓடையில்.’ ஒரு வேலைக்கு ஒரு தாள் போதும். இரண்டு நகல் எடுத்து, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, ஒரு நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்குங்கள். கோரிக்கை மூன்றுக்கு மேல் வேண்டாம். பத்து கேட்டால் எது முதலில் என்பதை வேறு யாரோ தீர்மானிப்பார்கள்.

கூட்டத்தன்று முதலில் தலை எண்ணுங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். குறைந்தால் தீர்மானம் செல்லாது. ஆள் சேர்ப்பதில் நாளும் முக்கியம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேயிலைத் தோட்டங்களுக்கு விடுமுறை. மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் அப்படியல்ல, அன்று வந்தால் கொழுந்து பறிப்பவருக்கு ஒரு நாள் கூலி போகும். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருப்பவர்களின் தேவையை அந்த இரண்டு நாளுக்குத் தள்ளாதீர்கள். கூட்டம் ஒரே இடத்தில் நடந்துகொண்டிருந்தால், அடுத்ததைத் தூரத்துக் குக்கிராமத்தில் வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். மலையில் பஸ் இல்லாத ஊர்க்காரருக்குக் கூட்டம் நடக்கும் இடமே பாதி முடிவு.

தீர்மானத்தை எழுதி, சத்தமாக வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வருகைக்கென்று வாங்கும் கையெழுத்து வெற்றுத் தீர்மானப் பக்கத்துக்குக் கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வே எண், நீளம், இடம் மூன்றும் பதிவேட்டில் இருக்கின்றனவா என்று ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். 2019-இல் தேர்வான ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அப்படித் தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபைக்கு இந்த உரிமைகள் உண்டு. உங்கள் ஊராட்சிக்குப் பொறுப்பு யார் என்பதை வட்டார வளர்ச்சி அலுவலர் அலுவலகத்தில் கேளுங்கள்.

உதகை, குன்னூர், கூடலூர், நெல்லியாளம் நகராட்சிகளில் கிராம சபை கிடையாது. 2022 விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபாவும் உண்டு. அங்கேயும் ஒரு வேலைக்கு ஒரு தாள் என்ற முறை பொருந்தும். எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியாகும்போது மட்டும் வழி வேறு. 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஆட்சேபணை தெரிவிக்க இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். அதில் சர்வே எண்ணையும், வரைபடத்தில் என்ன நிறத்தில் காட்டியிருக்கிறார்கள், உண்மையில் அங்கே என்ன இருக்கிறது என்பதையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சதுப்பு நிலம் குடியிருப்பாகக் காட்டப்பட்டிருந்தால், அந்த இரண்டு மாதத்துக்குள் சொல்வதுதான் பலன் தரும்.

கூட்டம் முடிந்து ஒரு மாதத்தில் தீர்மான நகல் கேளுங்கள். தரவில்லையென்றால் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள், முப்பது நாளில் பதில் வர வேண்டும். பிறகு ஊராட்சித் திட்டங்கள் ஏற்றப்படும் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஊராட்சியின் பெயரைப் போட்டு, ஏற்றப்பட்ட திட்டத்தில் உங்கள் வேலை எந்த நிதித் தலைப்பில் இருக்கிறது, நீளம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். 120 மீட்டர் 60 ஆகியிருந்தால் ஜனவரி 26 கூட்டத்தில் அதையே முதல் கேள்வியாக வையுங்கள்.